புதிய தலைமைப் பயிற்சியாளர், புதிய ஹெல்மெட்: வசந்தகாலப் பயிற்சிக்குள் எதை மாற்றலாம்?

நிலவன்

வணக்கம். அமெரிக்காவில் எஃப்.சி.எஸ். பிரிவில் (உயர்மட்டமான எஃப்.பி.எஸ்.-க்கு அடுத்த நிலை) ஆடும் ஒரு கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் உபகரண அறையில் வேலை பார்க்கிறேன். டிசம்பரில் தலைமைப் பயிற்சியாளர் மாறினார். வந்தவர் ஹெல்மெட் தோற்றத்தை மாற்றச் சொல்கிறார்.

இப்போது இருப்பது மேட் கறுப்பு ஷெல் (வெளி ஓடு), கறுப்பு ஃபேஸ்மாஸ்க் (முகக் கம்பி), பக்கவாட்டில் குரோம் பூச்சுள்ள விலங்குச் சின்னம். அவர் கேட்பது பளபளப்பான வெள்ளை ஷெல், நடுவில் ஒற்றைப் பட்டை, இருபுறமும் கல்லூரியின் பழைய எழுத்துச் சின்னம், சாம்பல் நிற ஃபேஸ்மாஸ்க். கையிருப்பு 110 ஹெல்மெட். பெரும்பாலானவை ரிடெல் ஸ்பீட்ஃப்ளெக்ஸ் மாடல். மீதி ஆக்ஸியமும் விசிஸ் ஸீரோ2-வும். ரீகண்டிஷனிங்குக்கு (கழுவிச் சோதித்து மறுசான்று தரும் வேலை) எடுத்துப்போகும் லாரி ஜனவரி இரண்டாம் வாரம் வருகிறது. வசந்தகாலப் பயிற்சி மார்ச் நடுவில் தொடங்குகிறது.

தெரிய வேண்டியவை: ஊரில் உள்ள ஒரு கார் பெயின்ட் கடைக்காரர் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் வெள்ளையாக்கித் தருகிறேன் என்கிறார், அது சரிப்படுமா? டீக்கல் (ஒட்டும் சின்னம்) எத்தனை ஆர்டர் செய்வது? விதிகளில் எதைக் கவனிக்க வேண்டும்? முழு மாற்றம் முடியாவிட்டால், பயிற்சியின் முடிவில் நடக்கும் வசந்தகால ஆட்டத்தன்று ரசிகர்கள் கண்ணில் படும்படி ஏதாவது செய்ய வழி உண்டா?

கிட்ரூம்

முதலில் பெயின்ட் கடை. வேண்டாம். இதில் பேரத்துக்கே இடமில்லை.

கல்லூரி ஹெல்மெட் ஷெல் பெரும்பாலும் பாலிகார்பனேட் என்ற கடினப் பிளாஸ்டிக். கார் பெயின்டிலும் தின்னரிலும் இருக்கும் கரைப்பான்கள் பாலிகார்பனேட்டைத் தாக்கும். உடனே வெளியே தெரியாது. ஸ்க்ரூ துளையைச் சுற்றியும் காது ஓட்டையின் விளிம்பிலும் ஷெல் ஏற்கெனவே இழுவிசையில் இருக்கும். அங்கேதான் மயிரிழை விரிசல் தொடங்கும். மேலே புது பெயின்ட் இருப்பதால் அந்த விரிசலைக் கண்ணால் பார்க்கவும் முடியாது. தவிர, தயாரிப்பாளர் அனுமதிக்காத பூச்சு பட்டதும் நாக்ஸி (NOCSAE, விளையாட்டுக் கருவிகளின் பாதுகாப்புத் தர அமைப்பு) தரச்சான்று கேள்விக்குள்ளாகிறது. சான்றில்லாத ஹெல்மெட்டை ஒரு வீரன் தலையில் வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. 1978 பருவத்திலிருந்து, கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.-வின் ஆட்டங்களில் நாக்ஸி சான்று கட்டாயம்.

நிறம் மாற்ற இரண்டே வழி. ஒன்று, ரீகண்டிஷனிங் செய்யும் உரிமம் பெற்ற நிறுவனமே பெயின்ட் அடிப்பது. அவர்கள் உதிரிகளைக் கழற்றி, கழுவி, விரிசல் பார்த்து, பூச்சடித்து, புது உதிரி போட்டு, மாதிரிகளை மோதல் சோதனைக்கு உட்படுத்தி, அந்த ஆண்டின் மறுசான்று லேபிளை ஒட்டி அனுப்புவார்கள். இரண்டாவது, வெள்ளை ஷெல்லாகவே புதிதாக வாங்குவது. உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு ஹெல்மெட்டின் தயாரிப்பு ஆண்டையும் இன்றே பட்டியலிடுங்கள். 10 ஆண்டு தாண்டியதை ரீகண்டிஷனர் சங்கத்தில் உள்ள நிறுவனங்கள் திருப்பி எடுப்பதில்லை. அந்த எல்லையை நெருங்குபவற்றுக்குப் பெயின்ட் செலவு செய்வது வீண். அவற்றின் இடத்தில்தான் புது வெள்ளை ஷெல் வர வேண்டும்.

இப்போது காலக்கெடு. பயிற்சியாளர் மாற்றம் நடக்கும்போது எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான்: முழு வடிவமும் முடிவாகட்டும் என்று காத்திருப்பார்கள், லாரி போய்விடும். முடிவுகளைத் தனித்தனியாகப் பூட்டுங்கள். லாரி வருமுன் பயிற்சியாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டியது இரண்டு விஷயத்துக்கு மட்டும்: ஷெல் நிறம், பளபளப்பா மேட்டா. ஃபேஸ்மாஸ்க் நிறத்துக்குப் பிப்ரவரி நடுவரை நேரம் இருக்கிறது. பக்கச் சின்னமும் பட்டையும் ஜூன் வரைகூடத் தள்ளலாம். சின்னத்தை ஒரு பிற்பகலில் கழற்றி வேறு ஒட்டலாம். ஷெல் நிறத்தை ஆண்டுக்கு ஒருமுறைதான் தொட முடியும்.

ரீகண்டிஷனரிடம் திரும்பி வரும் தேதியை எழுத்தில் வாங்குங்கள். சும்மா கழுவிச் சோதிக்கும் வேலையும் பெயின்ட் வேலையும் ஒரே வரிசையில் நிற்பதில்லை. பெயின்டுக்கு அதிக நாள் ஆகும். குளிர்காலத்தில் நாடு முழுக்க உள்ள பள்ளி, கல்லூரி ஹெல்மெட்டெல்லாம் அதே கூடங்களில்தான் குவிந்திருக்கும். மார்ச் முதல் வாரத்துக்குள் உறுதி தரவில்லை என்றால், வசந்தத்துக்குக் கறுப்பிலேயே போய்விட்டு, பயிற்சி முடிந்த கையோடு ஏப்ரல் கடைசியில் பெயின்டுக்கு அனுப்புவது மேல். 15 பயிற்சி நாளில் ஒன்றைக்கூட ஹெல்மெட் இல்லாமல் இழக்கக் கூடாது. எந்தப் புதிய பயிற்சியாளரும் அதைப் பொறுக்க மாட்டார், பொறுக்கவும் தேவையில்லை.

ஃபேஸ்மாஸ்க்தான் உங்களுக்கு நல்ல வாய்ப்பு. கறுப்பு ஷெல்லில் கறுப்பு மாஸ்க்கை எடுத்துவிட்டுச் சாம்பல் மாஸ்க் போட்டாலே தூரத்திலிருந்து வேறு அணி போலத் தெரியும். சாம்பல் எல்லாத் தயாரிப்பாளரிடமும் சாதாரணமாகக் கிடைக்கும் நிறம். மாஸ்க் மாடலை ஹெல்மெட் மாடலோடு பொருத்திப் பார்த்து ஆர்டர் போடுங்கள்; ஸ்பீட்ஃப்ளெக்ஸுக்கான மாஸ்க் ஸீரோ2-வில் உட்காராது. வீரரின் ஆட்ட இடத்துக்கேற்ற கம்பி அமைப்பையும் மறக்க வேண்டாம். பந்து எறியும் குவாட்டர்பேக், முன்வரிசையில் மோதும் லைன்மேன் இருவருக்கும் ஒரே மாஸ்க் வராது.

மாற்றும்போது கிளிப், ஸ்க்ரூ, டி-நட் (ஸ்க்ரூவை உள்ளிருந்து பிடிக்கும் நட்) எல்லாம் புதிது போடுங்கள். பழைய டி-நட் துருப்பிடித்து ஸ்க்ரூவோடு சேர்ந்து சுழலும். அப்போது மூக்குப் பிளையரால் உள்ளிருந்து பிடித்துக்கொண்டு கையால் திருப்ப வேண்டும். பவர் டிரில்லை முழு வேகத்தில் வைத்து இறுக்கினால் பிளாஸ்டிக் கிளிப் வெடிக்கும். பழைய மாஸ்க்குக்கு ஸ்ப்ரே அடித்துச் சாம்பலாக்கும் யோசனை யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஸ்ப்ரே பூச்சு வெல்டிங் விரிசலை மூடிவிடும். மாஸ்க்கைத் திரும்பப் பயன்படுத்தலாமா என்று தீர்மானிக்க நாம் முதலில் பார்க்க வேண்டிய இடமே அந்த வெல்டிங்தான்.

வரிநடுவர்

விதிகளைப் பற்றி மட்டும்.

ஓர் அணியின் எல்லா ஹெல்மெட்டும் ஒரே நிறம், ஒரே வடிவமைப்பாக இருக்க வேண்டும் என்பது என்.சி.ஏ.ஏ. விதி. மாடல் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே ஸ்பீட்ஃப்ளெக்ஸும் ஸீரோ2-வும் கலந்து ஆடலாம், ஆனால் 90 வெள்ளையும் 20 கறுப்புமாக ஆட்டத்துக்கு இறங்க முடியாது. தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.-இல் 2013 முதல் 2021 வரை இருந்த, வீரருக்கு ஒரே ஷெல் என்ற கட்டுப்பாட்டை இங்கேயும் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். கல்லூரிக்கு அப்படி ஒன்று கிடையாது, இரண்டாவது நிறத்தில் மாற்று ஹெல்மெட் வைத்துக்கொள்ளலாம்.

வெளிப்புற எச்சரிக்கை லேபிளைப் பத்திரமாகப் பாருங்கள். பழைய டீக்கலை உரிக்கும் வேகத்தில் உதவி மாணவர்கள் அதையும் சேர்த்து உரித்துவிடுவார்கள். அந்த லேபிளும் நாக்ஸி சான்றும் இல்லாத ஹெல்மெட் ஆட்டத்துக்கு ஆகாது. தயாரிப்பாளரிடம் கூடுதல் லேபிள் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வடிவமைப்பாளர் வரைபடத்திலும் அந்த இடத்தைக் குறித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கக் கொடியோ கான்ஃபரன்ஸ் (நாம் ஆடும் கல்லூரிக் கூட்டமைப்பு) சின்னமோ அதன்மேல் போய் உட்காரும்.

கண்ணுக்கு முன் மாட்டும் கண்ணாடித் தடுப்பு நிறமற்றதாக மட்டுமே இருக்கலாம். கறுப்புக் கண்ணாடி படத்தில் அழகாகத் தெரியும், களத்தில் செல்லாது.

இன்னொன்று: பயிற்சியாளர் ஒரு வீரரோடு ஹெல்மெட் வழியாகப் பேசும் முறைக்கு 2024-ல் எஃப்.பி.எஸ். பிரிவில் அனுமதி வந்தது. அந்த வீரரின் ஹெல்மெட்டில் பின்பக்க நடுக்கோட்டில் பச்சைப் புள்ளி இருக்க வேண்டும். உங்கள் அணி அந்தக் கருவியைப் பயன்படுத்தும் நாள் வந்தால், பட்டை பின்னால் முழுவதும் இறங்கியிருந்தால் புள்ளி அதன்மேல்தான் ஒட்ட வேண்டியிருக்கும். பட்டை வெள்ளையோ மஞ்சளோ ஆனால் பிரச்சினை இல்லை. பச்சை கலந்த பட்டை என்றால் இப்போதே யோசியுங்கள்.

வினைல்விரல்

டீக்கல் கணக்கு. 110 ஹெல்மெட்டுக்கு பக்கத்துக்கு ஒன்றாக 220. லைன்மேன், லைன்பேக்கர் வகையறா ஏறக்குறைய 40 ஹெல்மெட். இவர்களுடையது ஒவ்வோர் ஆட்டத்திலும் உரசிக் கிழியும். 11 ஆட்டப் பருவத்தில் ஒன்றுவிட்டு ஒன்று மாற்றினால் 5 முறை, 40 × 2 × 5 = 400. மற்ற 70-க்கு பருவத்தில் இரண்டு முறை, 280. ஆக 900. ஒட்டும்போது வீணாவதற்குப் பத்து சதவீதம் சேர்த்து 990, ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆயிரத்தையும் ஒரே தடவையில் ஆர்டர் செய்யாதீர்கள். முதலில் 250 மட்டும். வசந்தகால ஆட்டம் முடிந்து, பயிற்சியாளர் தொலைக்காட்சிப் பதிவைப் பார்த்த பிறகு அளவையோ விளிம்புக்கோட்டையோ மாற்றச் சொல்வது வழக்கம். புதிதாக வந்தவர் நிச்சயம் சொல்வார்.

மொத்த எண்ணிக்கையை மாடல்வாரியாகப் பிரித்து ஆர்டர் போட வேண்டும். ஒவ்வொரு மாடலுக்கும் காற்றுத் துளையும் மேடு பள்ளமும் வேறு இடத்தில் இருக்கும், ஷெல் அளவு மாறினால் வளைவும் மாறும். டீக்கல் தயாரிப்பவருக்கு ஹெல்மெட் பெயரை மட்டும் சொன்னால் போதாது. மாடல், ஷெல் அளவு இரண்டையும் கொடுங்கள். முடிந்தால் மாடலுக்கு ஒரு வெற்று ஷெல் அனுப்பி வையுங்கள். தடிமன் 20 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நல்லது. மெல்லியது சீக்கிரம் கிழிகிறது, அதைவிடத் தடித்தது வளைவில் படியாமல் விளிம்பு தூக்குகிறது.

நடுப்பட்டைதான் உங்கள் வடிவமைப்பில் கடினமான பகுதி. ஸ்பீட்ஃப்ளெக்ஸின் முன்னுச்சியில் தனியாக அசையும் நெகிழ் தகடு இருக்கிறது. பட்டையை அதன் விளிம்பைத் தாண்டி ஒரே துண்டாக ஒட்டினால் முதல் மோதலிலேயே அந்தக் கோட்டில் கிழியும், கிழியாவிட்டால் தகட்டின் அசைவைத் தடுக்கும். இரண்டாவதுதான் மோசம். எனவே பட்டை துண்டுகளாக, தகட்டின் விளிம்பில் இருபுறமும் மெல்லிய இடைவெளி விட்டு வெட்டப்பட்டு வர வேண்டும். வெட்டும் வேலை டீக்கல் கூடத்திலேயே முடிந்திருக்க வேண்டும். ஷெல்லின்மேல் வைத்துக் கத்தியால் வெட்டுவது கூடவே கூடாது. பாலிகார்பனேட்டில் கத்தி போட்ட கோடு விரிசலுக்கு வழி திறந்துவிடுகிறது, அப்படிக் கோடு விழுந்த ஷெல்லை ரீகண்டிஷனர் நிராகரிப்பார்.

பழையதை உரிப்பது: முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் காட்டி, ஒரு மூலையை நகத்தால் எழுப்பி, ஷெல்லோடு ஒட்டினாற்போலத் தாழ்ந்த கோணத்தில் மெதுவாக இழுங்கள். நேர்மேலே இழுத்தால் பசை ஷெல்லிலேயே தங்கும். குரோம் டீக்கல் முறிந்து துணுக்குத் துணுக்காக வரும், அதற்குப் பிளாஸ்டிக் சுரண்டி போதும், உலோகம் வேண்டாம். மிச்சப் பசைக்குத் தயாரிப்பாளர் அனுமதித்த நீக்கி மட்டும். அசிட்டோன், எம்.இ.கே., லாக்கர் தின்னர், பெட்ரோல் எதுவும் அந்த அறைக்குள்ளேயே இருக்கக் கூடாது. அவசரத்தில் யாரோ ஒருவர் எடுத்துவிடுவார். அனுப்பப் போகிற ஹெல்மெட்டில் நீங்கள் உரித்துக் கஷ்டப்பட வேண்டிய அவசியமும் இல்லை, ரீகண்டிஷனரே செய்வார்.

புதியதை ஒட்டுவது. பெயின்ட் அடித்து வந்த ஷெல் முழுமையாக இறுகியிருக்க வேண்டும். புதுப் பூச்சிலிருந்து கரைப்பான் ஆவி வெளியேறிக்கொண்டிருக்கும்போது ஒட்டினால் இரண்டு நாளில் டீக்கலுக்கடியில் குமிழி குமிழியாக எழும்பும், ஊசி குத்தினாலும் திரும்ப வரும். பூச்சடித்த தேதியை ரீகண்டிஷனரிடம் கேளுங்கள், எத்தனை நாள் கழித்து வினைல் ஒட்டலாம் என்பதையும் அவரே சொல்லட்டும்.

பிறகு மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாக உலரவிட்டு, பஞ்சு நார் உதிராத துணியால் கடைசித் துடைப்பு. அறை 70 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில் இருக்கட்டும். குளிர்ந்த கிடங்கில் ஒட்டினால் வினைல் விறைப்பாக இருந்து விளிம்பு எழும்பும். கண்ணளவில் ஒட்டாதீர்கள். ஒவ்வொரு மாடலுக்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் ஓர் அச்சுத் தாள் வெட்டிக்கொள்ளுங்கள்: காது ஓட்டையின் மையம், முன் விளிம்பு இரண்டும் அதில் குறிக்கப்பட்டிருந்தால் நூறு ஹெல்மெட்டிலும் சின்னம் ஒரே உயரத்தில், ஒரே சாய்வில் நிற்கும். பின்தாளைப் பாதி உரித்து, நடுவை முதலில் பதித்து, ஃபெல்ட் விளிம்புள்ள ஸ்க்வீஜியால் (அழுத்தித் தேய்க்கும் தகடு) வெளிநோக்கித் தள்ளுங்கள். வளைவு கூடிய ஓரத்தில் சுருக்கம் விழுந்தால் லேசாகச் சூடு காட்டி அழுத்தவும். அப்படியும் படியாவிட்டால் அந்த வடிவத்துக்கு ஓரத்தில் சிறு பிளவு வேண்டும் என்று பொருள். அதை அடுத்த அச்சில் தயாரிப்பவரே சேர்க்கட்டும். ஒட்டிய பிறகு 24 மணி நேரம் யாரும் அணியக் கூடாது.

எண் டீக்கலும் வைப்பீர்கள் என்றால்: 0 முதல் 99 வரை ஒவ்வோர் எண்ணையும் ஒருமுறை எழுத 1 முதல் 9 வரை ஒவ்வோர் இலக்கமும் 20, பூஜ்யம் மட்டும் 10 தேவை. 2020-லிருந்து 0 எண் சட்டை அனுமதிக்கப்பட்டிருப்பதால் பூஜ்யத்தைத் தனியாகவும் கணக்கில் சேர்த்திருக்கிறேன். பல எழுத்துருவில் 6-ஐத் தலைகீழாக்கினால் 9 ஆகிவிடும், அப்போது ஒரே வடிவத்தை 40 வாங்கலாம். ஆனால் இதையெல்லாம் ஆகஸ்டில் செய்யுங்கள். பயிற்சியாளர் மாறிய ஆண்டில் வசந்தத்தில் இருந்த எண் பாதிப் பேருக்கு இலையுதிர்காலத்தில் இருக்காது.

நாற்பதுகெஜம்

வடிவமைப்பைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் சொல்கிறேன். பயிற்சியாளர் மாறும்போது ஹெல்மெட் மாறுவது இந்த ஆட்டத்தில் பழைய மரபு, நிலைத்தவற்றில் பலவும் அப்படிப் பிறந்தவைதான். ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் 1938-ல் பிரின்ஸ்டனிலிருந்து மிச்சிகனுக்கு வந்தபோது சிறகு வடிவத்தைக் கொண்டுவந்தார். பந்து எறிபவர் தன் ஆளைத் தூரத்திலேயே அடையாளம் காண வேண்டும் என்பது காரணம். வின்ஸ் டூலி 1964-ல் ஜார்ஜியாவுக்கு வந்ததும் வெள்ளி நிற ஹெல்மெட்டைச் சிவப்பாக்கி, நீள்வட்டத்துக்குள் ஜி எழுத்தை வைத்தார். என்.எஃப்.எல். அணியான கிரீன் பே பேக்கர்ஸின் ஜி-யோடு ஒத்திருந்ததால் அந்த அணியிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டார்கள். அதே 1964-ல் டென்னசிக்கு வந்த டக் டிக்கி ஹெல்மெட்டில் டி எழுத்தை வைத்தார். ஹேடன் ஃப்ரை 1979-ல் அயோவாவில் இன்னொரு என்.எஃப்.எல். அணியான பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் உடையைத் தழுவிக்கொள்ள அவர்களிடம் கேட்டுத்தான் செய்தார், பருந்துத் தலைச் சின்னமும் அப்போதே வந்தது. கான்சாஸ் ஸ்டேட்டின் பவர்கேட் என்ற காட்டுப்பூனைச் சின்னம் 1989-ல் பில் ஸ்னைடரோடு வந்தது.

இவற்றைப் பார்த்தால் ஒன்று தெரியும்: ஒற்றை உருவம், இரண்டு மூன்று நிறம், மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்தே அடையாளம் தெரிகிறது. உங்கள் புதியவர் கேட்பது அந்த வழியில்தான் இருக்கிறது. குரோம் விலங்கை எடுத்துவிட்டு எழுத்துக்குப் போவது எனக்குச் சரியான முடிவாகவே படுகிறது. குரோம், மைதான விளக்கில் ஒரு கோணத்தில் வெள்ளையாகவும் இன்னொரு கோணத்தில் கறுப்பாகவும் மாறும். உருவமே உடைந்துபோகும்.

எழுத்துச் சின்னத்தில் ஒரு கண்ணி உண்டு. விலங்கு என்றால் வலப்பக்கத்துக்குக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, இரண்டும் முன்னோக்கிப் பார்க்கும்படி செய்யலாம். எழுத்தைத் திருப்ப முடியாது. சாய்ந்த எழுத்து வலப்பக்கத்தில் முன்னோக்கிப் பாயும், இடப்பக்கத்தில் அதே எழுத்து பின்னோக்கிச் சாய்ந்து நிற்கும். உங்கள் பழைய எழுத்து நிமிர்ந்ததா சாய்ந்ததா என்று பாருங்கள். சாய்ந்தது என்றால் காகிதத்தில் பார்த்து ஒப்புதல் தர வேண்டாம், ஹெல்மெட்டில் ஒட்டி இரு பக்கமும் காட்டுங்கள்.

திரையில் வரும் முப்பரிமாணப் படத்தை நம்பி யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. மாடலுக்கு ஒன்றாக மூன்று நிஜ மாதிரி செய்து, 50 கெஜத்திலிருந்து ஒரு முறை, பத்திரிகையாளர் மாடத்திலிருந்து ஒரு முறை, இரவு விளக்கில் ஒரு முறை பாருங்கள். சட்டைத் துணியின் நிறமும் டீக்கல் மையின் நிறமும் ஒரே பான்டோன் எண்ணில் (அச்சு நிறங்களுக்கான தர எண்) அச்சிட்டாலும் பக்கத்தில் வைத்தால் வேறாகத் தெரியும். சட்டையைத்தான் அளவாக எடுத்துக்கொண்டு டீக்கலைச் சரிசெய்ய வேண்டும். சட்டை ஆர்டர் ஏற்கெனவே போயிருக்கும்.

போன பயிற்சியாளரின் முழக்கம் ஹெல்மெட்டின் முன் பம்பரிலோ கழுத்துப் பம்பரிலோ (விளிம்பில் மாட்டும் துண்டு) அச்சிட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள், அந்தச் சொற்கள் யாருடைய உரிமை என்பதையும் கல்லூரியின் உரிம அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பயிற்சியாளர் பி. ஜே. ஃப்ளெக் 2017-ல் மின்னசோட்டாவுக்குப் போனபோது, ‘ரோ த போட்’ (படகைச் செலுத்து) என்ற அவருடைய முழக்கத்தின் வணிகக்குறி அவர் முன்பு இருந்த வெஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகத்திடம் இருந்தது; உடன்பாடு செய்துகொண்ட பிறகே அதை அங்கே பயன்படுத்தினார். பழைய எழுத்துச் சின்னமும் அப்படித்தான். கல்லூரிக்கே சொந்தம் என்றாலும், எந்த வடிவம் இப்போது அதிகாரபூர்வமான கோப்பில் இருக்கிறது என்று உறுதிசெய்யாமல் பழைய புகைப்படத்திலிருந்து வரைந்து அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

நிலவன்

மிக்க நன்றி. பெயின்ட் கடையை விட்டுவிட்டோம். எழுத்து நிமிர்ந்தது, தப்பித்தோம். ஒரு சந்தேகம்: கறுப்பு ஷெல் எல்லாம் பெயின்ட் அடித்ததா, பிளாஸ்டிக்கை வார்த்த மோல்டிலேயே கறுப்பா என்று பழைய ரசீதில் தெளிவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? அது முக்கியமா?

கிட்ரூம்

மிகவும் முக்கியம், லாரி வருமுன் பார்க்க வேண்டியது அதுதான். தாடை மெத்தையைக் கழற்றி ஷெல்லின் உள்பக்கத்தைப் பாருங்கள், காது ஓட்டையின் வெட்டு விளிம்பையும் பாருங்கள். உள்ளே வெள்ளையோ வேறு நிறமோ இருந்து வெளியே மட்டும் கறுப்பு என்றால் அது பெயின்ட். உள்ளும் வெளியும் விளிம்பும் கறுப்பு என்றால் மோல்டிலேயே கறுப்பு. மேட் பூச்சு மட்டும் மேலே ஏறியிருக்கலாம்.

அடியில் வெள்ளை உள்ள ஷெல்லுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தால், மோதலில் பூச்சு பெயர்ந்தாலும் உள்ளிருந்து வெள்ளைதான் தெரியும். நிம்மதி. மோல்டிலேயே கறுப்பான ஷெல்லை வெள்ளையாக்கினால் செப்டம்பர் கடைசிக்குள் லைன்மேன்களின் முன்நெற்றியெல்லாம் கரும்புள்ளியாகிவிடும். அங்கே தொட்டுப் பூசவும் முடியாது, அதுவும் அனுமதியில்லாத பெயின்ட்தான். எனவே கறுப்பு மோல்ட் ஷெல்களை இரண்டாகப் பிரியுங்கள். பழையவற்றுக்குப் பதில் மோல்டிலேயே வெள்ளையான புது ஷெல். ஆயுள் மிச்சமிருப்பவற்றைப் பெயின்ட் அடித்துக் கிக்கர், குவாட்டர்பேக், ரிசீவர் போன்ற மோதல் குறைந்த இடங்களுக்கு ஒதுக்குங்கள். ஆனால் ஒதுக்குவதற்கு முன் தலை அளவு பொருந்த வேண்டும். நிறத்துக்காக ஒரு வீரனைப் பொருந்தாத ஹெல்மெட்டுக்கோ, அவன் விரும்பி அணியும் மாடலிலிருந்து வேறொன்றுக்கோ தள்ளக் கூடாது. பயிற்சியாளரிடமும் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வினைல்விரல்

இதோடு ஒன்று. வெள்ளைக்கு மாறுகிறீர்கள், எதிரணி ஹெல்மெட்டின் நிறம் கோடு கோடாக ஒட்டிக்கொள்ளும். பளபளப்பு வெள்ளையில் அதைத் தயாரிப்பாளர் அனுமதித்த பிளாஸ்டிக் பாலிஷும் மைக்ரோஃபைபர் துணியும் கொண்டு ஆட்டத்துக்கு மறுநாளே எடுத்துவிடலாம். மேட் வெள்ளை என்றால் தேய்த்த இடம் பளபளத்துத் திட்டாகிவிடும். பயிற்சியாளர் நடுவில் மனம் மாறி மேட் கேட்டால் இந்தக் காரணத்தைச் சொல்லித் தடுத்துப் பாருங்கள்.

நிலவன்

இன்று பார்த்து முடித்தோம். 68 ஷெல் உள்ளே வெள்ளை, 42 மோல்டிலேயே கறுப்பு. அந்த 42-ல் 19 அடுத்த ஆண்டே 10 ஆண்டு எல்லையைத் தொடுகிறது. ரீகண்டிஷனர் மார்ச் முதல் வாரத் தேதியை எழுத்தில் தர மறுக்கிறார்.

கிட்ரூம்

அப்படியானால் வழி தெளிவு. ஜனவரி லாரியில் 110-ஐயும் சோதனை, மறுசான்று மட்டும் என்று குறித்து அனுப்புங்கள், பெயின்ட் இல்லை. அந்த 19 மட்டும் திரும்பி வந்ததும் வசந்தத்தோடு ஓய்வு. அவற்றுக்கு ஈடாக மோல்ட் வெள்ளை ஷெல்லுக்கு இன்றே ஆர்டர், ஜூலை முதல் தேதிக்குள் வந்து சேர வேண்டும் என்ற நிபந்தனையோடு. வசந்தகால ஆட்டத்துக்குக் கறுப்பு ஷெல், சாம்பல் மாஸ்க், புது எழுத்து. பட்டை வேண்டாம். கறுப்புக்கென்று தனியாக ஒரு பட்டை அச்சிடுவது வீண் செலவு. ஆட்டம் முடிந்த திங்களன்று மீதி 91-ஐயும் பெயின்டுக்கு அனுப்புங்கள். 68-ஐ ஒரு பெட்டித் தொகுப்பாகவும் 23-ஐ இன்னொன்றாகவும் கட்டி, வெளியே அடி நிறத்தை எழுதுங்கள். திரும்பி வரும்போது எல்லாம் வெள்ளையாக இருக்கும், எது எதுவென்று வெளியிலிருந்து தெரியாது. ஆகவே அனுப்புமுன் ஒவ்வொரு ஹெல்மெட்டின் வரிசை எண்ணோடும் அடி நிறத்தைப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள்.

எழுத்து டீக்கலின் விளிம்புக்கோட்டை மட்டும் இப்போதே கவனியுங்கள். வெள்ளை ஷெல்லுக்காக வரைந்த எழுத்து அடர் நிறமாக இருந்தால் கறுப்பில் காணாமல் போகும். வசந்தத்துக்கான முதல் 250-ஐ வெள்ளை விளிம்புக்கோட்டோடு அச்சிடச் சொல்லுங்கள். வெள்ளை ஷெல்லில் அதே டீக்கலை ஒட்டினால் அந்தக் கோடு ஷெல்லோடு கலந்துவிடும், மிஞ்சியதை ஆகஸ்டில் பயன்படுத்திக்கொள்ளலாம்.